வெறுந்தரைக்கு ஊற்றிய தண்ணீர்

பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதவு எண் தேவையில்லை. "சென்ட்ரிங்காரர் வீடு" என்றால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் மதுரைக்கு வந்தவன். கட்டட வேலையில் சாந்துச் சட்டி சுமந்தேன். பிறகு கான்கிரீட் கூரைத் தட்டுப் போடும்போது அடியில் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற சென்ட்ரிங் வேலையைப் பார்த்துப் பார்த்தே பழகினேன். முப்பது வயதுக்குள் சொந்தப் பலகை, சொந்த முட்டு, எனக்குக் கீழே ஆட்கள். நான் தட்டுப் போட்ட வீடுகள் இந்தத் தெற்குப் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. ஒழுகுகிறது என்று சொல்லி ஒருத்தரும் என் வாசலுக்கு வந்தது கிடையாது. படித்த இஞ்சினியர் பேப்பரைப் பார்த்துச் சொல்வதை நான் கம்பிக்கட்டின் மேல் ஏறி நின்று காலாலேயே சொல்லிவிடுவேன்.

அப்படிப்பட்டவன் தனக்கென்று கட்டிய வீடு எப்படி இருக்கும்? செங்கல் எல்லாம் ஒரே சூளைச் செங்கல். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மணி மாதிரி சத்தம் கொடுத்ததை மட்டும் எடுத்தேன். பூச்சு வேலையை வேறு யாரிடமும் விடவில்லை. மட்டப்பலகை பிடித்து நானே பூசினேன். இன்றைக்கும் சுவரில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணால் பார்த்தால் தண்ணீர் நிற்கிற மாதிரி மட்டமாக இருக்கும். வயரிங் ஆள் வந்தபோது சுவரை வெட்டிக் குழாய் பதிக்கலாம் என்றார். என் சுவரில் உளி படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தட்டுக்குள் குழாய் விடலாம் என்றார். தட்டுக்குள் ஓட்டை போனால் பலம் போகும் என்று அதற்கும் மறுத்துவிட்டேன். கடைசியில் சுவரின் மேலேயே மரச்சட்டம் அடித்து, அதன் மேல் வயரை ஓட்டி, கிளிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சட்டத்துக்கும் நான்தான் வருஷாவருஷம் பெயிண்ட் அடித்தேன்.

அந்த வீட்டில் ஃபியூஸ் போனதே கிடையாது என்பது நான் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொள்கிற சங்கதி. குடிவந்த புதிதில் கிரைண்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகும். நான் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் நல்ல தடித்த செம்புக் கம்பியாக எடுத்து முறுக்கி ஃபியூஸ் கட்டையில் கட்டிவிட்டேன். அதோடு தொந்தரவு ஒழிந்தது. தெருவே இருட்டாகக் கிடந்து கரண்ட் திரும்பி வரும்போது மற்ற வீடுகளில் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஃபியூஸ் தேடுவார்கள். என் வீடு மட்டும் பளிச்சென்று எரியும்.

என் வீட்டுக்காரி போய் இரண்டு வருஷம் ஆகிறது. சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு வருஷம் அலைந்து போய்ச் சேர்ந்தாள். எங்களுக்கு ஒரே மகள். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே மில்லில் வேலை. பேத்திக்கு ஆறு வயசு. லீவு விட்டால் தாயும் மகளும் என் வீட்டில் வந்து பத்து நாள் இருப்பார்கள். அந்தப் பத்து நாளை நம்பித்தான் மற்ற நாட்களை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன சித்திரை லீவில்தான் அது நடந்தது. பேத்தி குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிவந்து ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தாள். வீல் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கையை உதறிக்கொண்டு நிற்கிறாள். "தாத்தா வீட்டு ஃபிரிட்ஜ் கடிச்சிருச்சு" என்று அழுதாள். நான் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். செருப்புப் போட்டிருந்ததாலோ, காய்ப்புக் காய்த்த கையாக இருந்ததாலோ எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சைப் பிள்ளை ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும், இதற்கெல்லாமா அழுவார்கள் என்றேன். மகள் உடனே பின்பக்கம் போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள். வந்து, வயரிங்கை மாற்றுங்கள் என்றாள். நாற்பது வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது, யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள்.

நான் கட்டிய வீட்டில் குறை சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, நான் பூசிய சுவருக்குள் வளர்ந்த பிள்ளை. "இம்புட்டு வருசம் நீ இந்த வீட்டுலதான வளந்த? உன்னை எது கடிச்சுச்சு?" என்று கேட்டேன். அவள் மறுநாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு, டி. கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பத்து நாளில் இன்னும் ஆறு நாள் மீதி இருந்தது.

அதற்கப்புறமும் வந்தாள், வரவில்லை என்று சொல்ல முடியாது. கல்லுப்பட்டிக்கு வருகிற போதெல்லாம் என்னைப் பார்க்க ஒரு மணி நேரம் வருவாள். குழம்பு வைத்து எடுத்து வருவாள். ஆனால் பேத்தியைச் செருப்போடு வீட்டுக்குள் கூட்டி வந்தாள். ரப்பர் செருப்பு. வாசலில் பிள்ளை வழக்கம்போலக் கழற்றப் போனாள்; தாய் கையைப் பிடித்து, வேண்டாம், போட்டுக்கொண்டே வா என்றாள். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த ஆள்கூட என் வீட்டு வாசலில் பூட்சைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். என் வீட்டுக்குள் செருப்போடு நடந்த முதல் ஆள் என் பேத்திதான். எதையும் தொடாதே என்று தாய் சொல்லி வைத்திருப்பாள் போல. பிள்ளை கையிரண்டையும் வயிற்றோடு கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பேங்குக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி.

அவர்கள் போனபின் தரையில் சின்னச் சின்னச் செருப்புத் தடம் தெரிந்தது. இரண்டு நாள் நான் அதைத் துடைக்கவில்லை.

தனியாக இருக்கிறவனுக்கு வீடு பெரிதாகிவிடும். கீழே மூன்று அறை, மேலே இரண்டு. நான் ஹாலில் ஒரு கட்டிலும் ஒரு ஃபேனுமாக முடங்கிவிட்டேன். மாடி ஸ்விட்சைத் தொட்டு மாதக்கணக்கு. டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன், டிவி பார்த்துக்கொண்டே தூங்குவேன். யாராவது வந்தால் தட்டுப் போட்ட கதைகளைச் சொல்லலாம். வருகிற ஆளும் குறைந்துவிட்டது. பழைய ஆட்களில் பாதிப் பேர் இல்லை. மீதிப் பேருக்கு என் கதை மனப்பாடம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் ஒரு எண்ணம் வந்தது. நல்ல எலக்ட்ரீசியனாகக் கூட்டி வந்து, 'வீட்டில் ஒரு குறையும் இல்லை' என்று அவர் வாயாலேயே மகளிடம் போனில் சொல்லவைத்துவிட வேண்டும். வயரிங்கை மாற்றுவதற்காக நான் ஆளைக் கூப்பிடவில்லை. மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லவைக்கத்தான் கூப்பிட்டேன்.

வந்தவர் ஐம்பது தாண்டியவர். என் பழைய வேலைத் தளங்களில் என்னைப் பார்த்திருக்கிறார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நான் வீட்டின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ம் போட்டுக்கொண்டே மெயின் போர்டைத் திறந்து ஃபியூஸ் கட்டையை உருவினார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு கட்டுனதுண்ணே?"

"நாந்தான். கட்டி இம்புட்டு வருசத்துல ஒருக்காகூட போனதில்ல."

"இம்புட்டுத் தண்டியா கம்பி போட்டா ஃபியூஸ் எங்கிட்டுண்ணே போகும்? வீடுதான் போகும்."

சிரிக்காமல் சொன்னார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஃபியூஸ் என்பது போவதற்காகத்தான் வைக்கிறது. வயர் தாங்காத அளவுக்குக் கரண்ட் ஓடினால் அந்த மெல்லிய கம்பி முதலில் உருகி, வயரைக் காப்பாற்றும். உருகாத கம்பியைக் கட்டிவிட்டால் அந்தச் சூடு முழுவதும் வயருக்குள்தான் ஓடும். சொல்லிவிட்டுச் சமையலறை ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த வயரை இரண்டு விரலால் லேசாகப் பிடித்தார். மேல்தோல் சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கி அவர் உள்ளங்கையில் கொட்டியது. உள்ளே செம்பு அம்மணமாக நின்றது. கல்யாண வீடு கல்யாண வீடாக நான் சொன்ன பெருமை அந்தக் கையில் கரித்தூளாகக் கிடந்தது.

அவர் அதோடு விடவில்லை. ஒரு ஹோல்டரில் நூறு வாட் குண்டு பல்பை மாட்டி, அதில் இரண்டு வயர் விட்டு வைத்திருந்தார். டெஸ்ட் லேம்ப் என்றார். பிளக் பாயிண்டில் ஒரு முனையைக் கரண்ட் வருகிற ஓட்டையிலும் மறு முனையை எர்த் ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. உள்ளே கம்பி மட்டும் பீடி நெருப்பு மாதிரி லேசாகச் சிவந்தது.

கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் செத்துக் கிடக்கிறது, அதன் குழி எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் எந்த மூலையில் எத்தனை கம்பி போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். இது தெரியவில்லை. வயரிங் போட்ட அந்த வாரம் நான் வேறொரு வீட்டில் தட்டு வேலையில் இருந்தேன். அவரே மெயின் போர்டிலிருந்து இறங்கிய எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். கம்பி சுவரோரமாக இறங்கி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தரைக்குள் போய் மறைந்தது.

அந்தத் தரை நான் போட்டது. வீட்டுக்காரி போன மூன்றாம் மாதம், சேறும் சகதியுமாகக் கிடந்த பின்பக்கத்தை ஒரே நாளில் தளம் போட்டு, கரணையால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கினேன். மண்ணுக்குள் ஒரு கம்பி போவதைப் பார்த்தேன், என்னவென்று யோசிக்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினேன்.

"தளம் போடுறதுக்கு முன்னால இங்க என்னண்ணே இருந்துச்சு?"

"ஒரு கருவேப்பிலச் செடி. அது பட்டுப்போயி ரொம்ப வருசம் ஆச்சு. அப்புறம் வெறுந்தரைதான்."

"தண்ணி கிண்ணி ஊத்துவாகளா?"

நான் சிரித்துவிட்டேன். பழக்க தோஷம். என் வீட்டுக்காரி அந்த வெறுந்தரைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியதை வைத்து நான் ஊரையே சிரிக்க வைத்திருக்கிறேன். கறிவேப்பிலைச் செடி பட்டு, வேரைக்கூடத் தோண்டிப் போட்டாயிற்று. அவள் மட்டும் அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எதையும் வீணாக்காமல் கொண்டுபோய் அதே இடத்தில் ஊற்றுவாள். வெயில் காலத்தில் ஒரு வாளி முழுக்க. பஞ்சம் வந்து தெருவே குடத்தோடு லாரிக்கு நின்ற காலத்திலும் ஒரு செம்பாவது ஊற்றாமல் விடமாட்டாள். அவள் அண்ணன் வரும்போது நான் வேண்டுமென்றே பின்பக்கம் கூட்டிப் போவேன். "மாப்ள, உன் தங்கச்சி வெறுந்தரையில இட்லி மரம் வளக்குறா, பாத்துக்க" என்பேன். அவர் சிரிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே செம்பை மொண்டு ஊற்றுவாள்.

இதைத்தான் அந்த எலக்ட்ரீசியனிடமும் சிரித்தபடி சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, அது எர்த் குழி. கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய இறக்கியிருப்பாங்க. அது ஈரமா இருந்தாத்தான் வேலை செய்யும். இந்த மண்ணு காஞ்சா பாறைதான. மதினி ஊத்துன தண்ணியிலதான் உங்க வீட்டுல இம்புட்டு நாளா யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருந்திருக்கு."

நான் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். தானே உடைப்பதாக அவர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. நான் போட்ட தளம் சாமானியத்தில் உடையாது; எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டடிக்கு இரண்டடி பெயர்த்ததும் துருப்பிடித்த குழாய் வாய் தெரிந்தது. சுற்றி மண் வெடித்துக் கிடந்தது. குழாய்க்குள்ளும் குழாயைச் சுற்றியும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்றச் சத்தமில்லாமல் உள்ளே போனது. ஐந்தாவது வாளிக்கு மேல் அவர் உள்ளே போய் அந்தப் பல்பை மறுபடி வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். பீடி நெருப்பாக இருந்தது இப்போது மஞ்சளாக, பார்த்தால் கண் கூசுகிற அளவுக்கு எரிந்தது.

அவர் போனபின் நான் கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தச் செடி பட்டுப்போன வருஷம் என் வீட்டுக்காரி என்னிடம் ஒன்று சொன்னாள். "கிரைண்டர்ல கை வச்சா இழுக்குதுங்க" என்றாள். நானும் காது கொடுத்துக் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கை இழுக்கிறது என்றால் நரம்புக் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். கல்லைத் தூக்கித் தூக்கி நரம்பு இழுக்கிறது என்று நினைத்தேன். நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அழகர்கோவில் பக்கம் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி வந்து கொடுத்தேன். கல்லைத் தூக்க வேண்டாமே என்று சாய்க்கிற கிரைண்டரே புதிதாக வாங்கி இறக்கினேன். தெருவில் முதல் சாய்க்கிற கிரைண்டர் அது. அதிலும் இழுக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். எண்ணெயை விடாமல் தேய் என்றேன். அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. எண்ணெய் நன்றாகக் கேட்டிருக்கிறது என்று நான் வைத்தியரைப் பத்துப் பேருக்குச் சிபாரிசு செய்தேன்.

இழுத்தது நரம்பு இல்லை. கரண்ட்.

எலக்ட்ரீசியன் போகும்போது முடிவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். தண்ணீர் ஊற்றி வந்தால் எர்த் நிற்கும், ஃபிரிட்ஜ் கடிக்காது. ஃபியூஸுக்கு அவரே சரியான கம்பி கட்டிவிட்டார். ஆனால் வயர் எல்லாம் மட்கிவிட்டது, இதை நம்பி எத்தனை நாள் என்று தன்னால் சொல்ல முடியாது, முழுதாக மாற்றுவதுதான் நல்லது என்றார். வயரைச் சுவரைப் பிளந்து உள்ளே பதிக்கலாம். இல்லையென்றால் வெளியே பிளாஸ்டிக் பட்டை ஓட்டலாம். வெளியே ஓட்டினால் பிள்ளைகள் கைபடும் என்பதால் பதிப்பதே மேல் என்றும் சொன்னார்.

ஒரு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு வாரமும் நல்லாயிருந்தது. காலையில் எழுந்ததும் இரண்டு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் ஊற்றுவேன். அப்புறம் ஈரக்கையோடு, வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. கிரைண்டரைத் தொடுவேன். ஒன்றும் இல்லை. சுவரும் என் சுவராகவே நின்றது, உளி படவில்லை. இது போதும் என்று தோன்றியது. மகளுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டேன், வா என்று சொல்லிவிடலாம். அவள் எங்கே சுவரைச் சுரண்டிப் பார்க்கப் போகிறாள்? எட்டாவது நாள் அப்படிச் சொல்லத்தான் போன் போட்டேன்.

எர்த் குழியைக் கண்டுபிடித்ததை, தளத்தை நானே உடைத்ததை, பல்பு பளிச்சென்று எரிந்ததை எல்லாம் கொஞ்சம் பெரிதாகவே சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, உன் அம்மா விவரமில்லாமல் செய்ததுதான் இத்தனை நாள் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது, பார்த்தாயா என்றேன்.

"விவரமில்லாமன்னு யாருப்பா சொன்னா?" என்றாள் மகள். "மீட்டர் கணக்கெடுக்க வந்தவரு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாரு. எர்த் காஞ்சிருச்சு, தண்ணி ஊத்துங்கன்னு. அதுக்கப்புறந்தான் அம்மா ஊத்துச்சு. நானும் ஊத்தியிருக்கேன். எட்டாப்பு படிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடம் போறதுக்கு முந்தி ஒரு வாளி ஊத்திட்டுத்தான் போவேன்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

எனக்குப் பதில் இருந்தது. என் வீட்டில் கரண்ட் அடிக்குமா என்று சத்தம் போட்டிருப்பேன். மீட்டர்காரர் கணக்கெடுக்க வந்தாரா, குறை எடுக்க வந்தாரா என்று ஆபீசுக்கே போய்க் கேட்டிருப்பேன். அதை மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

அன்றைக்கு, பாப்பாவுக்கு ஷாக் அடித்த அன்று, அவளுக்கு உடனே விளங்கிவிட்டதாம். அதனால்தான் முதலில் பின்பக்கம் ஓடிப் பார்த்திருக்கிறாள். முந்தின நாள்கூட நான் அந்தத் தளத்தைக் காட்டி, உன் அம்மா இருந்திருந்தால் இதைப் போடவிட்டிருக்க மாட்டாள் என்று சிரித்திருக்கிறேன். "அம்புட்டு சந்தோசமா காட்டுனீங்க. அத உடைங்கன்னு எந்த வாயால சொல்றது?" என்றாள். அதனால் வயரிங் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு காரியம் இருபது வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது. என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான். நான் குளித்துவிட்டு ஈரத்தோடு ஹீட்டரை அணைத்ததும், குடித்த தம்ளரோடு ஃபிரிட்ஜைத் திறந்ததும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். நான் ஊருக்கெல்லாம் கூரை போட்டேன். எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கூரையாக இருந்திருக்கிறது. தாயும் மகளும் ஒரு ரகசியத்தைப் பங்கு போட்டு, ஆளுக்கொரு வாளியாக ஊற்றி, நான் வருகிற சத்தம் கேட்டால் சிரித்துச் சமாளித்திருக்கிறார்கள். அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் தெரியாதவன். ஆள் போனபின் வருகிற தனிமை எனக்குப் பழகிவிட்டது. அத்தனை பேர் இருந்தபோதே நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன் என்பது புதுசு.

மறுநாள் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, முழுதாக மாற்றிவிடுங்கள், சுவரை வெட்டியே பதியுங்கள் என்றேன். நாளைக்கு நான் காய்ச்சலில் படுத்தால் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அது ஒன்றே போதும் முடிவெடுக்க.

ஆனால் கோடு நான்தான் போட்டுக் கொடுத்தேன். எலக்ட்ரீசியன் ஆட்கள் வெட்டினால் பாம்பு போகிற மாதிரி வெட்டுவார்கள். நூலில் கலர்ப்பொடி தடவி, இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டேன். என் சுவரில் முதல் நீலக்கோடு விழுந்தது. வெட்டு மெஷின் ஓடியபோது செங்கல் தூள் சிவப்பாக வீடெங்கும் பறந்தது. மெஷின் பிடித்த ஆள், செங்கல் இரும்பு மாதிரி இருக்கிறதே, பிளேடு தேய்கிறதே என்று அலுத்துக்கொண்டார். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பூசி மூடுகிற வேலையையும் நானே பார்த்தேன். மூன்று அறை முடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. மெயின் போர்டில் புதிதாக ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். ஆள் மேல் கரண்ட் பாய்ந்தால் கண் இமைப்பதற்குள் தானே விழுந்துவிடுமாம்.

எர்த்துக்கு மட்டும் எனக்கும் அவருக்கும் பேச்சு நீண்டது. இப்போது கெமிக்கல் எர்த் வந்திருக்கிறது, ஒருமுறை இறக்கிவிட்டால் தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை என்றார். இறக்குங்கள் என்றேன். பழைய குழாயை எடுத்துவிட்டு மூடிவிடலாமா என்றார். வேண்டாம், அதுவும் இருக்கட்டும், இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். கெமிக்கல் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவைத்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சரிண்ணே என்று கம்பியை இழுத்துக் கட்டினார்.

காலாண்டு லீவில் மகள் வந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் நான் எழுந்து போகவில்லை. ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். பேத்தி நிலைப்படியில் நின்றுகொண்டு, காலில் செருப்போடு, தாயைப் பார்த்தாள். மகள் குனிந்து பிள்ளையின் செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக வைத்தாள். பிள்ளை நேராகச் சமையலறைக்கு ஓடி, ஃபிரிட்ஜுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். விரலை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டித் தொட்டாள்.

"கடிக்கல தாத்தா."

"கடிக்காதுத்தா. பல்லப் புடுங்கியாச்சு" என்றேன்.

நான்கு நாள் இருந்தார்கள். பத்து நாள் இல்லை. பிள்ளைக்கு ஏதோ டான்ஸ் கிளாஸ் இருக்கிறதாம். போகும்போது மகள் அடுத்த லீவுக்கு வாரோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு முன்னால் நான் சுவரில் பூசிய இடங்களை அவளுக்குக் காட்டியிருந்தேன். பழைய பூச்சுக்கும் புதுப் பூச்சுக்கும் நிறம் ஒட்டவில்லை. வெயில் விழுந்தால் வீடு முழுக்கத் தையல் போட்ட மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். இன்னும் அடிக்கவில்லை.

ஆட்டோ திரும்பினதும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். மகள் அரிசி களைந்த தண்ணீர் ஒரு சட்டியில் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாய் வாயைச் சுற்றி மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் அவள் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். நானும் ஊற்றினேன்.